ஆஷியானா யாருக்குச் சொந்தம்?



தலைமை ஏற்க வேண்டும் என்று அழைப்பு வந்தபோது மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருசேர வந்தன. இந்த மேடையில் எனக்கு முன் நின்றவர்களின் நூல்களைப் படித்துத்தான் நான் இத்துறைக்குள் வந்தேன். அவர்களில் சிலர் இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எத்தனை முறை திருத்தியும் உரை மனத்துக்கு நிறைவு தரவில்லை. ஆனாலும் நெடுநாளாகச் சொல்ல நினைத்த ஒன்றைச் சொல்ல இதைவிடத் தகுந்த அவை எனக்கு வாய்க்காது.

காலனியத்துக்குப் பிந்திய இந்திய ஆங்கிலப் புனைவில் வீடும் அடையாளமும் என்பது நம் தலைப்பு. 1935இல் நாராயண் படைத்த மால்குடி, 1938இல் ‘காந்தபுரா’வுக்கு ராஜா ராவ் எழுதிய முன்னுரை, 1981இல் வந்த ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’, இந்தியத்தன்மை குறித்த பதற்றம் என்று 1993இல் மீனாட்சி முகர்ஜி தொடங்கிவைத்த விவாதம் எல்லாம் உங்களுக்குப் பழகியவை. அவற்றைப் பற்றிப் பேசக் கட்டுரையாளர்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லவிருப்பதை நான் முந்திக்கொண்டு சொல்வது முறையாகாது.

எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. நாவலில் வீடு வந்தால் போதும், ஏக்கம் என்கிறோம், நினைவு என்கிறோம், புலம்பெயர் மனம் என்கிறோம். இந்தப் பழக்கம் பெரும்பாலும் சல்மான் ருஷ்டியின் ‘இமாஜினரி ஹோம்லேண்ட்ஸ்’ என்ற 1982ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வந்தது. அவர் எழுதும் அறையின் சுவரில் ஒரு புகைப்படம். அதில் ஒரு பம்பாய் வீடு. படம் எடுத்தது 1946இல், அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு. கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது. அருமையான கட்டுரை, அதனோடு எனக்குச் சண்டை இல்லை. படிக்கப் போன நாட்டிலேயே தங்கிவிட்டவரின் இழப்பை அது நேர்மையாகப் பேசுகிறது. அதை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக நாம் ஆக்கியதுதான் பிழை. வாய்மொழித் தேர்வுக்கு வரும் ஆய்வேடுகளில் எந்த நாவலின் எந்த வீடும் ‘கற்பனைத் தாயகம்’ ஆகிவிடுகிறது. ருஷ்டியின் குடும்பத்துக்கே சோலனில் ஒரு வீடு இருந்தது. இமாச்சலப் பிரதேச அரசு எடுத்துக்கொண்டிருந்த அந்த வீட்டை அவர் சட்ட வழியில் போராடி 1997இல்தான் திரும்பப் பெற்றார். நம் ஆய்வேடுகளில் இந்தச் செய்தி கண்ணில் படுவதே இல்லை.

இனி அத்தியா ஹுசைனுக்கு வருகிறேன். 1913இல் லக்னோவில் தாலுக்தார் எனப்படும் ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர், 1947இல் லண்டனுக்குப் போனவர். அவருடைய ‘சன்லைட் ஆன் எ புரோக்கன் காலம்’ 1961இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலும் வந்தது. நைபாலின் வீட்டைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதிவிட்டோம். அத்தியாவின் வீட்டை, 1988இல் விராகோ பதிப்பகம் அனிதா தேசாயின் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்த பிறகும், பெண்ணிய அமர்வில் ஓர் ஓரத்தில் நிறுத்திவைத்திருக்கிறோம்.

நாவலின் நான்காம் பாகம் அவசரமாக ஒட்டிய பின்னிணைப்பு, கதை மூன்றாம் பாகத்தோடு முடிந்துவிட்டது என்று மதிப்புக்குரிய மூத்த பேராசிரியர் ஒருவர் இதுபோன்ற ஓர் அவையில் சொன்னார். அவரிடம் நான் கற்றது நிறைய. அவர் அன்று சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதன் பிறகு வந்த மாணவர்கள் அதையே வழிமொழிவதைப் பார்க்கும்போது வருத்தம் கூடுகிறது. முதல் மூன்று பாகங்களும் என்ன செய்கின்றன? ஆஷியானா என்ற அந்த லக்னோ மாளிகையில் எந்த அறைக்குள் யார் நுழையலாம், யார் எதிரில் யார் வரக்கூடாது, ஜெனானா என்ற பெண்கள் பகுதியின் வாசலை யார் தாண்டலாம் என்பதையெல்லாம் வாசகருக்குப் பொறுமையாகப் பழக்குகின்றன. நான்காம் பாகத்தில், பதினான்கு ஆண்டு கழித்து, கதைசொல்லி லைலா அதே வீட்டுக்குள் நடக்கிறாள். அவ்வளவு காவல் இருந்த அறைகளில் முன்பின் தெரியாதவர்கள் குடியிருக்கிறார்கள். பாகிஸ்தானுக்குப் போன அவள் உறவினன் சலீமின் பெயர் வெளியேறியவன் என்று அரசுக் கோப்பில் ஏறியிருக்கிறது. குடிவந்தவர்கள் அகதிகள் என்று அதே கோப்பில் ஏறியிருக்கிறார்கள். ஒரு பெயருக்கு இன்னொரு பெயரை ஈடாக வைத்து வரவுசெலவு நேர்செய்தாகிவிட்டது. சில வாக்கியங்களில் கடந்துபோகும் இந்த இடத்துக்காகத்தான் மூன்று பாகங்களும் எழுதப்பட்டன என்பது என் துணிபு.

இதைப் புரிந்துகொள்ள, 1950ஆம் ஆண்டின் வெளியேறியோர் சொத்து நிர்வாகச் சட்டத்தை நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கலவரங்களை முன்னிட்டு 1947 மார்ச் 1ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ இந்தியாவை விட்டுப் போனவர் வெளியேறியவர். அவர் சொத்து கஸ்டோடியன் என்ற அதிகாரியின் கைக்குப் போனது. சட்டம் அத்தோடு நிற்கவில்லை. இன்னும் போகாதவரை, போகும் எண்ணம் உள்ளவர் என்று அறிவிக்கவும் அதில் இடம் இருந்தது. அந்தப் பிரிவு 1953இல்தான் நீங்கியது. தன் சொந்த ஊரில் சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை ஓர் அலுவலகம் முடிவு செய்யலாம்! அடையாளம் பற்றி நாம் படித்த எந்தக் கோட்பாட்டு நூலும் இந்த ஒரு பிரிவின் அளவுக்கு என்னை உலுக்கியதில்லை. வசீரா ஜமீந்தார் 2007இல் வெளியிட்ட ‘தி லாங் பார்ட்டிஷன்’ நூலில் இந்த ஆவணங்களை விரிவாக ஆராய்ந்தார். வரலாற்றுத் துறையினர் அதைப் படித்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் நாம் படிக்கவில்லை.

அத்தியாவின் நாவல் ஜமீன் வீட்டு ஏக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நாவலைத் திரும்பப் படியுங்கள் என்று அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சலவைத் தொழிலாளியின் மகள் நந்தி அந்த வீட்டு ஆணால் அவமதிக்கப்படும்போது லைலா குறுக்கே பேசுகிறாள். பணிப்பெண் சலீமன் கர்ப்பமுற்றதும் வெளியேற்றப்படுகிறாள். கஸ்டோடியன் வருவதற்கு வெகுமுன்பே அந்த வீடு சிலரை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருந்தது. ஆசிரியர் அதை மறைக்கவில்லை. லைலாவும் அதன் உடைமையாளர் அல்ல. பெற்றோரை இழந்து, உறவினர் நிழலில் வளர்ந்தவள்.

அமிதவ் கோஷின் ‘தி ஷேடோ லைன்ஸ்’ (1988) நாவலையும் இப்படிப் படிக்கலாம். தாக்கா வீட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. நடுவில் எழுப்பிய சுவர் கழிப்பறைக்குள்ளும் புகுந்து போகிறது. தந்தையின் பெயர்ப்பலகையைக்கூடப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் பின்னாளில் குடியேறிய அந்த வீட்டில் முதியவர் ஜேத்தாமோஷாய் நகரமாட்டேன் என்று கிடக்கிறார். இங்கே கஸ்டோடியன் இல்லை. இந்தியப் பக்கத்திலும்கூட 1950ஆம் ஆண்டுச் சட்டம் மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் பொருந்தவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் நேருவும் லியாகத் அலி கானும் செய்த ஒப்பந்தம் வங்கத்தில் இடம்பெயர்ந்தவர்களின் சொத்துரிமையை ஒப்புக்கொண்டது. லக்னோ வீட்டின் துயரமும் தாக்கா வீட்டின் துயரமும் ஒன்று போல இல்லாததற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம். பிரிவினை இலக்கியம் என்று இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினால் இது கண்ணில் படாது.

அருந்ததி ராயை விட்டுவிட முடியாது. அவர் நாவலில் அம்மு குடும்பத்தின் ஊறுகாய்த் தொழிற்சாலையில் உழைக்கிறாள்; அவள் அண்ணன் சாக்கோ அதைத் தன் தொழிற்சாலை என்கிறான். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. ஆசிரியரின் தாய் மேரி ராய் தொடுத்த வழக்கில்தான் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த நிலையை மாற்றியது. அம்மு இறந்தது அதற்கு முன்பே.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். முதுகலைத் தாளில் அத்தியாவின் நாவலை முழுவதுமாக, நான்காம் பாகத்தோடு சேர்த்து வையுங்கள். ருஷ்டியின் கட்டுரைக்கு அடுத்து 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில பக்கங்களைக் கொடுங்கள். இது இலக்கியமா சமூகவியலா என்று கேட்பவர்களோடு வாதாட நான் அணியமாக இருக்கிறேன். பிற்பகல் அமர்வில் அந்த மூத்த பேராசிரியர் மறுப்புரை தருவதாக இசைந்திருக்கிறார். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.