உப்புநீரில் மிச்சமாகும் மின்சாரம்

விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்களுக்குக் கோடைக்காலத் தண்ணீர்ப் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. மரக்காணம் கடற்கரையில் ஆலை அமைத்து, கடல்நீரைக் குடிநீராக்கி உங்கள் இரண்டு ஊருக்கும் கொண்டுவர அரசு திட்டம் போட்டிருக்கிறது. உப்பளத்துக்குப் பேர்போன இடத்திலிருந்து நல்ல தண்ணீர்! “கரண்டுச் செலவு கட்டுப்படியாகுமா?” என்பதுதான் என்னிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதை நடைமுறையில் பிரிக்கவல்ல சவ்வை 1960 வாக்கில் அமெரிக்காவில் உருவாக்கிய இருவரில் ஒருவர், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப். சவ்வு வழியே நீரைத் தள்ள, கார் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் இருபத்தைந்து மடங்கு அழுத்தம் வேண்டும். மின்சாரம் போவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த கருவிக்கு வருகிறேன். 100 லிட்டர் கடல்நீர் உள்ளே போனால் நல்ல தண்ணீர் 40, 45 லிட்டர்தான். மிச்சமெல்லாம் அடர்ந்த உப்புநீர். ஆனால் அழுத்தம் அதிகம் குறையாமலே அது வெளியே வருகிறது! அந்த அழுத்தத்தைப் புதிதாக வரும் கடல்நீருக்கு மாற்றிக் கொடுப்பது அழுத்தப் பரிமாற்றி. உள்ளே நீளவாக்கில் துளைகள் கொண்ட ஒரு பீங்கான் உருளை. மோட்டார் கிடையாது, நீரோட்டமே அதைச் சுழற்றுகிறது. காதை மூடாமல் பக்கத்தில் நிற்க முடியாது, அப்படியொரு கீச்சொலி. எனக்கு அது இனிமையான சத்தம். வெளியேறும் உப்புநீரின் அழுத்த ஆற்றலில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் திரும்பி வருகிறதே! ஆயிரம் லிட்டருக்கு இன்றைய நல்ல ஆலைகள் 3 முதல் 4 யூனிட்டில் முடித்துவிடுகின்றன. இந்த அளவு நல்ல தண்ணீரைப் பிரித்தெடுக்க, இயற்கை விதிப்படி ஏறக்குறைய 1 யூனிட்டுக்குக் கீழே போகவே முடியாது.

ஆலையைக் கெடுப்பது கலங்கல். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் கடலில் கலக்கும்போது, வெள்ளை வடிதாளில் கால் மணி நேரம் கடல்நீரை விட்டுப் பார்ப்போம். தாள் காவியேறினால் சவ்வும் அடைபடும், மின்கட்டணமும் ஏறும். முன்வடிகட்டலில் சிக்கனம் பிடிக்கவே கூடாது.

நேரம் நெருங்குகிறது. வீட்டில் இதே சவ்வு முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி வைத்திருப்பவர்களே, அதில் இந்த அழுத்தப் பரிமாற்றி இல்லை. வெளியேறும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வாளியில் பிடித்துத் தரை துடையுங்கள். மரக்காணத்துத் தண்ணீர் வீட்டுக்கு வரும்போது, திறந்த குழாயை மறக்காமல் மூடுங்கள்.