கேட்கும் முறையும் கொடுக்கும் முறையும்
(எமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கூலி பெறாது மென்பொருள் ஆக்கும் தொண்டரிடம் உதவி கேட்கும் முறையும், கேட்போருக்கு உதவும் முறையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எமது திருகோணமலைக் கரையையும் தாக்கியது. காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிந்துவைக்க, இலங்கைக் கணினி வல்லுநர் பலர் தொண்டராய் ஒன்றுகூடிச் சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹன' என்பது அதன் பெயர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. இத்தகைய தொண்டரின் செல்வம் அவர்தம் நேரமே. கேட்பவர் அதனை வீணாக்கலாகாது.

கந்தளாய்க் குளத்து நீரை நம்பிய கமக்காரர், நீர்ப்பாசன அலுவலரிடம் சென்று "தண்ணீர் வரவில்லை" என்று மட்டும் சொல்லி நிற்பாரா? எந்த வாய்க்கால், எப்போது நின்றது, தாம் என்ன செய்து பார்த்தார் என்றெல்லாம் சொல்வார். கணினிக் கேள்வியும் அவ்வாறே அமைதல் வேண்டும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, திரையில் தோன்றிய பிழைச்செய்தி யாது, நாம் முயன்றது யாது என்பவற்றை எழுதுவோம். முன்னரே விடை உண்டோ என்று தேடிய பின்னரே கேட்போம். "அவசரம்" என்று நெருக்காதிருப்போம். விடை கிடைத்ததும், எது பயன்பட்டது என்பதை நன்றியோடு அங்கேயே எழுதிவைப்போம். பின்வருவோருக்கு அதுவே வழிகாட்டி.

கொடுப்போர்க்கும் கடமை உண்டு. 1991இல், 21 வயதில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஆக்கிவந்த இயங்குதளத்தில் என்னென்ன வேண்டும் என்று பிறரிடம் பணிவாய்க் கேட்டார். அதுவே லினக்ஸ் ஆயிற்று. பின்னாளில் உடனுழைப்போரைக் கடுஞ்சொல்லால் சாடும் வழக்கம் அவரிடம் மிகுந்தது. 2018 செப்டெம்பரில் அதற்காக வெளிப்படையாய் மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். வல்லாரின் சொல்லும் சுடும் என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுமோ?

எமது ஊரில், ஆங்கிலத்தில் எழுதக் கூசும் தம்பியோ தங்கையோ பலநாள் தயங்கி முதற் கேள்வியை எழுதுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு சொல் அவரை என்றைக்கும் ஊமையாக்கிவிடும். நாளை இன்னொரு சஹனவை ஆக்கக்கூடிய கை அன்றே ஓய்ந்துவிடும். விடை தெரிந்தால் சொல்லலாம். தெரியாவிடில் தெரிந்தவரைக் காட்டலாம். பொறுமை இல்லையேல் மௌனமாயிருக்கலாம். இழித்துரைத்தல் ஆகாது.

இளைஞர்களே! எங்கோ இருக்கும் தொண்டருக்கு அவர் செய்த உதவியைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டாதிருக்கலாம். அடுத்து வந்து கேட்பவருக்கு அதனைக் கொடுப்போமாக.