நாற்பத்தெட்டோ, நாற்பத்தாறோ?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் தம் வகுப்புத் தோழியர் சார்பில் ஆற்றிய உரை)



பாடசாலையின் நூறு வருட வரலாற்றைச் சொல்வதற்கு எம்மை விடத் தகுதியானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வகுப்புத் தோழியரிடையே நடந்த ஒரு வாய்த்தர்க்கத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். இந்தப் பாடசாலை எமக்கு என்ன தந்தது என்பது அந்தத் தர்க்கத்தின் பின்னர்தான் எங்களுக்கு நன்றாக விளங்கியது.

2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில், உயர்தரத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் சூமில் கூடிப் பொது அறிவுப் போட்டி வைக்கத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும், லண்டனில் பின்னேரம், ரொறன்ரோவில் காலைக் கோப்பி. முறைக்கு ஒருத்தி கேள்வி கேட்பாள். பாடசாலைப் போட்டிகளில் இருந்த அதே விதிதான்: நடுவரின் தீர்ப்பே இறுதியானது.

ஒரு மாதம், கணக்காளராக இருக்கும் தோழியின் முறை. அவள் தன் அப்பப்பாவின் அலுமாரியில் கிடந்த, 1940களில் அச்சான உயிரியல் நூலொன்றிலிருந்து கேட்டாள்: “மனிதக் கலமொன்றில் எத்தனை நிறமூர்த்தங்கள்?” எங்களில் மூவர் வைத்தியர்கள். “46” என்று ஒரே குரலில் சொன்னோம்.

“பிழை. 48” என்றாள்.

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. “புத்தகத்திலை 48 எண்டுதான் கிடக்கு. நடுவர் சொன்னாச் சொன்னதுதான்” என்றாள். “பழைய புத்தகமடி அது” என்று ஒருத்தி கத்தினாள். சட்டத்தரணித் தோழி நடுவரின் பக்கம் நின்று, விதியை இடையில் மாற்றேலாது என்று வாதாடினாள். குரல்கள் உயர்ந்தன. கடைசியில் நடுவர் கேட்டாள்: “நீங்கள் மூண்டு பேரும் டொக்டர்மார், சரி. உங்களிலை ஆர் எண்ணிப் பாத்தனீங்கள்? நீங்களும் ஒரு புத்தகத்திலைதானே படிச்சனீங்கள்?” அதோடு அவளுடைய திரை அணைந்துவிட்டது.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எண்ணியவர் யார், எப்படி எண்ணினார் என்று தேடத் தொடங்கினோம்.

தியோபிலஸ் பெயின்ரர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1921இல், மிகத் தெளிவாகத் தெரிந்த கலங்களில் 46 மட்டுமே காணப்பட்டதாக எழுதியிருக்கிறார். ஆனால் 1923இல் அவர் 48 என்ற முடிவுக்கு வந்தார். ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் நிறமூர்த்தங்களை அக்காலத்து முறைகளால் பிரித்து எண்ணுவது இலகுவல்ல. 48 என்ற எண் பாடநூல்களில் ஏறியது. முப்பது வருடங்களுக்கு மேல் அங்கேயே இருந்தது.

பின்னர், உப்புச்செறிவு குறைந்த கரைசலில் கலங்களை வீங்கவைத்து நிறமூர்த்தங்களைப் பரப்பிப் பார்க்கும் முறை வந்தது. 1955 டிசம்பரில், சுவீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ அம்முறையைக் கொண்டு எண்ணினார். 46. அவரும் அல்பேர்ட் லெவானும் 1956இல் அதை வெளியிட்டார்கள்.

அந்தக் கட்டுரையில் உள்ள ஒரு குறிப்பு எங்களை உலுக்கிவிட்டது. அதற்கு முன்னரே சுவீடனில் ஈவா ஹான்சன்-மெலாண்டர் என்ற பெண் ஆய்வாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் இதே எண்ணிக்கையைச் செய்திருந்தார்கள். திரும்பத் திரும்ப 46தான் வந்தது. 48ஐக் காண முடியவில்லையே என்று ஆய்வை இடைநிறுத்திவிட்டார்கள். சரியான விடை அவர்களுடைய கையில் இருந்தது. புத்தகத்தில் வேறு எண் இருந்தபடியால் அதைக் கீழே வைத்தார்கள்.

இரண்டு எண்களுக்கிடையில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று தங்கைமார் கேட்கலாம். 1959இல் டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளின் கலங்களில் 47 நிறமூர்த்தங்கள் இருப்பதாகப் பாரிஸிலிருந்து அறிவித்தார்கள். அதற்கான கலங்களை வளர்த்தெடுத்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியர். வழமையான எண் 48 என்றே உலகம் நம்பிக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளைகளிடம் ஒன்று குறைகிறது என்றல்லவா எண்ணியிருப்போம்? உண்மையில் ஒன்று கூடியிருக்கிறது. இன்று எங்கள் சிகிச்சை நிலையங்களில் ஒரு தாய்க்கு நாங்கள் சொல்லும் விளக்கம் அந்த 46இல்தான் நிற்கிறது.

இதை வாசித்தபோது எங்கள் எல்லோருக்கும் நினைவில் வந்தது இந்தப் பாடசாலையின் ஆய்வுகூடம். 1990களில் மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பி வைத்து, வெங்காய வேர் நுனியில் இழையுருப்பிரிவைப் பார்த்தோம். வெங்காயத்துக்கு 16 நிறமூர்த்தங்கள் என்று புத்தகத்தில் இருந்தது. பதினாறையும் அழகாக வரைந்து கொடுத்த கொப்பிகளைப் பார்த்துவிட்டு எங்கள் ரீச்சர் கேட்டார்: “எண்ணினனீங்களோ, பாத்தெழுதினனீங்களோ?” ஒன்பது தெரிந்தால் ஒன்பதை வரையச் சொன்னார். மிச்சம் ஏன் தெரியவில்லை என்று பக்கத்தில் எழுதச் சொன்னார். கணக்காளர் தோழியும் முதலில் எங்களோடு அந்த ஆய்வுகூடத்தில் இருந்தவள்தான். பிறகே வர்த்தகப் பிரிவுக்கு மாறினாள். எங்களை மடக்கிய கேள்வி அங்கே பிறந்தது.

வைத்தியத் தொழிலில் இந்தப் பழக்கம் உயிர் காக்கும் விடயம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அங்கிருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்தவருக்கு மறுமுறை திறப்பது இலகு. “டொக்டர், இது இடது கால் அல்லவா?” என்று கேட்க வேண்டியவர் அந்த அறையில் ஆகக் கனிஷ்ட தாதியாக இருக்கலாம். அவர் வாய் மூடியிருந்தால், இழப்பு மேசையில் படுத்திருப்பவருக்கு.

ஆனால் சட்டத்தரணித் தோழி சொன்னதிலும் உண்மை உண்டு. தீர்ப்பு என்று ஒன்று இல்லாவிட்டால் ஆட்டம் நடவாது. அடுத்த மாதம் எல்லோரும் கூடியபோது நாங்கள் ஓர் இணக்கத்துக்கு வந்தோம்: புள்ளி நடுவருடையது, விடை நடுவருடையதல்ல. அன்றைய புள்ளியை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. அவள் அப்பப்பாவின் புத்தகத்தில் 48க்குப் பக்கத்தில் பென்சிலால் “46, 1956” என்று எழுதித் திரையில் காட்டினாள். பழைய எண்ணை வெட்டவில்லை. அது அந்தக் காலத்தவர் கண்டது.

தங்கைமாரே, பெரியவர் சொன்னால் எதிர்த்துக் கதையாதே என்று நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். பெரியவர்களை மதியுங்கள். மரியாதையாகவே கேளுங்கள். ஆனால் கேளுங்கள். உங்கள் கண் 46ஐக் கண்டால், புத்தகம் 48 என்கிறது என்பதற்காக அதைக் கீழே வைத்துவிடாதீர்கள்; மறுபடி எண்ணுங்கள், பக்கத்தில் இருப்பவளையும் எண்ணச் சொல்லுங்கள், பிறகு எழுந்து நின்று சொல்லுங்கள். சண்டை பிடித்த தோழியை அடுத்த மாதம் மறக்காமல் கூப்பிடுங்கள்.