நாய்க்கடியும் நம் கூலியும்

(கௌதள்ளியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாம் இன்று நாய்க்கடியைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம். இதுவும் கூலிப் பிரச்சினைதான்.

சில மாதங்களுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவரின் எட்டு வயது மகளைச் சூளை நாய் கையில் கடித்துவிட்டது. தாய் மிளகாய்ப் பொடியும் மஞ்சளும் வைத்துக் கட்டினார். பக்கத்துக் குடிசைக்காரர் அதட்டிய பிறகே மறுநாள் ஊசிக்குப் போனார்கள். இரண்டு ஊசி ஆயிற்று. மூன்றாவது ஊசிக்கு முதல் நாள் மேஸ்திரி எல்லோரையும் லாரியில் ஏற்றி வேறு சூளைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே ஊசிக்குப் போனால், "எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே போங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். சங்கத்துக்குச் செய்தி வந்தபோது ஐந்து நாள் தப்பியிருந்தது. நாம் உடன் போய் வாதாடித்தான் ஊசி போட வைத்தோம். அந்தக் குழந்தை இதோ முன்வரிசையில் முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தோழர்களே, வெறிநோய் கண்டுவிட்டால், தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்கத் தொடங்கிவிட்டால், பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் நோய் காணும் முன் அதைத் தடுத்துவிடலாம். கடித்ததற்கும் நோய் காண்பதற்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகும். சிலருக்கு அதைவிடக் குறைவு, சிலருக்கு அதிகம். புண் ஆறிவிட்டதே என்று நாம் ஏமாறுவது அந்த இடைவெளியில்தான்.

கடித்தவுடன் குழாயடிக்கு ஓடுங்கள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய், காப்பித் தூள் எதுவும் வேண்டாம். மந்திரிக்கிறவரிடம் போக வேண்டுமானால் ஊசி போட்டுக்கொண்ட பிறகு போங்கள். உங்கள் நம்பிக்கையோடு நமக்குச் சண்டை இல்லை. தோலுக்குள் போடும் ஊசியானால் முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். தசையில் போட்டால் 14ஆம் நாளும் ஒன்று சேரும். இரத்தம் வந்த காயமானால் இவற்றோடு காயத்தைச் சுற்றி ஒரு சீரம் ஊசியும் உண்டு. அதை நீங்களே கேளுங்கள். முதல் நாளே போட வேண்டியது அது.

ஒரு நாள் தவறினால்? முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதிலிருந்து தொடரலாம். வேறு ஊரிலும் தொடரலாம். அதற்குச் சாட்சி அந்தச் சீட்டு ஒன்றுதான். அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

பெரியவர்கள் பலர் ஊசிக்குப் பயப்படுவது தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசியை நினைத்து. அது ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலிருந்து நம் தாத்தா பாட்டிகளுக்கு வந்தது அதுதான். அது நின்று போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று ஊசி கையில்தான்.

அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு இல்லை. எந்த மாநிலத்துக்காரன் என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. இந்த மண் 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர். கோடு மாறி மாறி விழுந்தது, நாய் அதைப் பார்த்துக் கடிக்கவில்லை. மொழி தெரியாமல் தயங்கி நிற்பவர்கள் இரண்டு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள்: "நாயி கச்சிதே" என்றால் நாய் கடித்துவிட்டது, "சுச்சுமத்து" என்றால் ஊசி. அவ்வளவு கன்னடம் போதும், உயிர் பிழைக்கலாம். 2022 டிசம்பரில் கர்நாடக அரசு மனிதருக்கு வரும் வெறிநோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனையும் அதை மறைக்காமல் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

நாய்களையெல்லாம் விஷம் வைத்துக் கொன்றுவிடலாமே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. 2001 விதிகளுக்குப் பதிலாக 2023இல் வந்த பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெரு நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. அந்தப் பொறுப்பு நகராட்சிக்கு மட்டுமல்ல, பஞ்சாயத்துக்கும் உண்டு. வெறி பிடித்ததாகச் சந்தேகப்படும் நாயைத் தனியே அடைத்து வைக்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி 2025 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. மேலும், கொன்ற இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வந்து சேரும். பத்தில் ஏழு நாய்க்கு ஊசி போட்டால் நோயின் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். சூளையிலும் குவாரியிலும் காவலுக்கென்று குட்டியை எடுத்து வளர்க்கிறோம். சோறு போடுகிறோம், பெயர் வைக்கிறோம், ஊசி மட்டும் போடுவதில்லை. வேலை முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு லாரி ஏறுகிறோம். பசியோடு அலைகிற அந்த நாய் அடுத்து வருகிறவன் பிள்ளையைக் கடிக்கிறது. அந்தப் பிள்ளையும் நம் பிள்ளைதான்.

இனி கூலிக்கு வருவோம். நான்கு ஊசி என்றால் நான்கு நாள் வேலை போகிறது. பஸ் செலவு வேறு. பிள்ளைக்குக் கடி என்றால் உடன் போகும் தாயின் கூலியும் போகிறது. முன்பணம் வாங்கியவனை மேஸ்திரி விடுவதில்லை. ஊசி இலவசம்தான், அதைப் போடப் போகும் நாள் இலவசம் இல்லை. நம் ஆட்கள் மூன்றாவது ஊசியோடு நின்றுவிடுவதற்கு அறியாமையை மட்டும் காரணம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஆகவே ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஊசி நாளுக்கு, உடன் போகிறவருக்கும் சேர்த்து, கூலியோடு விடுப்பு வேண்டும் என்பது முதலாளிகளுக்கு. வேலைத்தலங்களுக்கே வந்து நாய்களுக்கு ஊசி போட வேண்டும் என்பது பஞ்சாயத்துக்கு. சீரம் ஊசி எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், ஊசிச் சீட்டைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்பது சுகாதாரத் துறைக்கு. மனு கன்னடத்திலும் தமிழிலும் அந்த மேசைமேல் இருக்கிறது. படித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் அங்கேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போகிறோம். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.