தோல் கேட்கும் இசை

என் பேச்சைக் கேட்க இயலாத மக்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச வந்துள்ளேன். செவிப்புலன் இழந்தவர்க்கு வானொலி ஏது, இசைதான் ஏது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா?

1924ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஹெலன் கெலர் அம்மையார் 19 மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்வையையும் செவிப்புலனையும் இழந்தவர். அவர் தம் இல்லத்தில் வானொலிக் கருவியின் அருகே அமர்ந்திருந்தார். நியூயோர்க்கிலிருந்து பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனி ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. ஒருவர் கருவியின் மூடியைக் கழற்ற, உள்ளே அதிரும் மென்தகட்டின்மேல் அவர் விரல்களை வைத்தார். முரசின் முழக்கத்தையும் வயலின்களின் இழைவையும் பாடுவோர் குரல்களையும் வேறுபிரித்து உணர்ந்தார். அந்த மகிழ்ச்சியை இசைக்குழுவினர்க்குக் கடிதமாகவும் எழுதினார். சிம்பனியை இயற்றிய பீத்தோவனும் தம்மைப் போலவே செவிப்புலன் இழந்தவர் என்பதை அதில் நினைவுகூர்ந்தார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒலி என்பதே அதிர்வு. கோயில் வீதியில் தவில் முழங்கும்போது நம் நெஞ்சிலும் அது அதிர்கிறதல்லவா? ஆயினும் தோலுக்கு எல்லை உண்டு. செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை அறியும். தோலோ 250 அளவில் மிகக் கூர்மையாக உணர்ந்து, 1,000ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆகவே உயர்ந்த சுரங்களை உள்ளபடியே தோலுக்கு ஊட்ட இயலாது.

இக்குறையை இடத்தால் ஈடுசெய்ய முயன்றனர் அறிஞர். 2016இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகர் இளைஞர் இசைக்குழுவின் கச்சேரிக்கென ஒரு சட்டை உருவாக்கப்பட்டது. மேடையின் ஒலிவாங்கிகள் பெற்ற இசையைக் கணினி பகுத்து, கம்பியின்றிச் சட்டைக்கு அனுப்பியது. ஆழ்ந்த ஒலிகள் உடலின் கீழ்ப்புறத்திலும், வயலின் முதலியவை மேற்புறத்திலும் துடித்தன. 2018இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகர்க் கச்சேரியில், அதிரும் மேலங்கியையும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பட்டிகளையும் அணிந்து, செவிப்புலனற்றோரும் கேட்போரும் ஒரே அரங்கில் இசையை நுகர்ந்தனர்.

இச்சட்டை செவியாகிவிடாது. பாடலின் சொற்களை அது தெளிவுறத் தாராது. சைகைமொழிக்கும் கல்விக்கும் அது மாற்றன்று. எது இனிது என்பதையும் அதனை அணிபவரே கூறவேண்டும். கேட்கும் நாம் அவர்க்காகத் தீர்மானித்தல் தகாது.

விலையுயர்ந்த சட்டை நம் வீடுகளுக்கு வரும்வரை காத்திருத்தலும் வேண்டா. உங்கள் இல்லத்தில், அயலில், செவிப்புலனற்ற ஒருவர் இருப்பார். கச்சேரி நடக்கையில் அவரை வீட்டிலே தனியே விட்டுச் செல்லாதீர்கள். இப்பேச்சை அடுத்து இசை ஒலிக்கையில், அவர் விரும்பின், இந்த வானொலிப் பெட்டியின்மேல் அவர் கையை வைக்க இடங்கொடுங்கள். அவர் முகம் என்ன கூறுகிறது என்று பாருங்கள்.