லயத்து வாசலில் கேட்ட கச்சேரி

ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில், இரவுச் சோறு முடிந்ததும் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமரும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. மலாயா வானொலி 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. அதன் தமிழ்ப் பகுதிதான் பின்னர் வானொலி ஆறு ஆகி, இன்று மின்னல் எஃப்.எம். என வழங்குகிறது. 1948இல் அவசரகாலம் வந்தபின், பலரும் கூடிக் கேட்பதற்காகத் தோட்டங்களுக்குப் பெட்டிகள் வந்தன. அரசாங்கத்தின் நோக்கம் பிரசாரம். நம்மவர் எடுத்துக்கொண்டது பாட்டு!

விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பால்மரத் தொழிலாளிக்குக் கர்நாடக இசை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அது சரியன்று என்பேன். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் காவடிச்சிந்து கேட்டிருப்பீர்கள். அந்த மெட்டுக்குப் பெயர்போன இராகம் செஞ்சுருட்டி. கச்சேரியின் கடைசிப் பகுதியில் வித்துவான் அதே இராகத்தைப் பாடும்போது, "இது நம்ம காவடிப் பாட்டு மாதிரி இருக்கே" என்று ஒரு பாட்டி சொன்னால், அவர் இராகத்தைக் கண்டுகொண்டார் என்றே பொருள். பாம்பாட்டியின் மகுடியை அறிந்தவருக்குப் புன்னாகவராளி புதிதன்று. தாலாட்டுக்கு நீலாம்பரி. செவிக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது.

தாளமும் அப்படியே. வலக்கையால் தொடையில் ஒருமுறை தட்டுங்கள். பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என எண்ணுங்கள். அடுத்து ஒரு தட்டு, ஒரு திருப்பு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு திருப்பு. மொத்தம் எட்டு. இதுதான் ஆதி தாளம். கச்சேரியில் மிருதங்கம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது, பிள்ளைகளை இப்படி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை தவறினால் சிரிப்பார்கள், மறுபடியும் எண்ணுவார்கள்.

நாடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதவுச் சத்தமும் காலடியும் போதும், மேடை நம் மனத்திலே எழுந்துவிடும். இலக்கிய உரைக்குத்தான் நான் அதிக நன்றி சொல்வேன். பள்ளி வாசலையே மிதிக்காத தாய்மார் சிலர், கேட்டுக் கேட்டே குறள்களை மனப்பாடம் செய்தார்கள். கைநாட்டு வைத்த அதே கை, கம்பன் பேச்சு வரும்போது சத்தத்தைக் கூட்டி வைத்தது.

இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது, லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. ஒன்றாய்க் கேட்ட கூட்டம் கலைந்தது. பேரன் காதில் ஒரு பாட்டு, பாட்டிக்கு இன்னொன்று. கைப்பேசியில் எந்தக் கச்சேரியும் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பாட்டியின் செவி அதில் இல்லை. வாரத்தில் ஒரு மாலை அதைச் சத்தமாக வைத்து, இருவரும் சேர்ந்து கேளுங்கள். இது எந்தப் பாட்டு மாதிரி இருக்கிறது என்று பாட்டி சொல்லட்டும்; இராகத்தின் பெயரைப் பேரன் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.