நாளும் ஐந்து வரிகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஹிரா குகையில் முதன்முதலாக அருளப்பட்ட திருவசனங்களில் ஓதுதலோடு எழுதுகோலும் சேர்த்தே நினைவூட்டப்பட்டது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கின்றது. தொகை சிறிதாயினும் சலிப்படையலாகாது என்றும் அறிவுறுத்துகின்றது. மரண சாசனம் செய்யத்தக்க பொருளுடையவர் அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையாகும். ஆகவே, எழுத்து என்பது ஆலிம்களுக்கும் புலவர்களுக்கும் மட்டுமே உரியதன்று. நம் ஒவ்வொருவர் மீதும் அமைந்த பொறுப்பாகும்.

ஒரு மஹல்லாவின் நிக்காஹ் தப்தரைப் புரட்டினால் மணமக்கள் பெயர், மஹர், வலீ, சாட்சிகள் ஆகிய விவரங்கள் கிடைக்கும். ஆனால், பள்ளியின் ஹவுளுக்குக் கல் சுமந்தவர் யார், கபரஸ்தானுக்கு நிலம் வந்த வகை யாது, 1942 இல் யுத்தத்துக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்கள் பட்ட பாடு என்ன என்பனவெல்லாம் அதில் இரா. அவை முதியவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கும். ஒரு ஜனாஸா புறப்படும்போது அவையும் உடன் அடக்கமாகிவிடுகின்றன. அதன்பின் வக்ஃபு நிலத்திலும் குடும்பப் பாகப்பிரிவினையிலும் பிணக்கு எழுந்தால், எழுத்து இல்லாத இடத்தில் வாய்ச்சொற்களே மோதுகின்றன.

அன்றாடம் எழுதியவர்கள் நமக்கு விட்டுச் சென்றதை எண்ணிப் பார்ப்போம். பக்தாதில் வாழ்ந்த ஹன்பலி மத்ஹப் அறிஞர் இப்னுல் பன்னா, ஹிஜ்ரி 460, 461 ஆம் ஆண்டுகளில் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி இன்றும் எஞ்சியுள்ளது. அந்நகரத்து மக்களின் அன்றைய வாழ்வை அதனால் நாம் அறிகின்றோம். நம் தமிழிலேயே, புதுச்சேரியில் தூப்ளேக்ஸின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததையும் சரக்கு விற்றதையும் ஊரில் பேசிக்கொண்டதையும் அன்றன்று குறித்தார். இடையிடையே சில பகுதிகள் கிடைக்காவிடினும், வரலாற்றாசிரியர்கள் இன்றும் அவ்வேடுகளை நாடுகின்றனர். அவர் வணிகர், அலுவல் மிகுந்தவர். ஓய்வு கிடைத்த பின் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

சிறிதாயினும் நிலையாகச் செய்யப்படும் நற்செயலையே அல்லாஹ் பெரிதும் விரும்புகின்றான் என நபிமொழி நமக்கு உணர்த்துகின்றது. எனவே நாளொன்றுக்கு ஐந்து வரிகள் போதும். ஆண்டு முடிவில் அவை 1825 வரிகளாகும். அதற்கென ஒரே நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்வோம். சுபுஹுத் தொழுகைக்குப் பின்னரோ, இஷாவுக்குப் பின்னரோ ஒரு நேரத்தை நிலைப்படுத்துவோம். தொழுகையோடு இணைந்த பழக்கம் எளிதில் நழுவாது. ஹிஜ்ரி, ஆங்கிலத் தேதிகள் இரண்டையும் மேலே இடுவோம். ஒருநாள் தவறினால், விட்டதைச் சேர்த்து எழுத முற்பட்டு மலைத்துவிடாமல், மறுநாளைய ஐந்து வரிகளோடு தொடர்வோம்.

என்ன எழுதுவது என்னும் ஐயம் வேண்டாம். கொடுத்த கடன், பெற்ற அமானிதம், ஊரில் நிகழ்ந்த நிக்காஹ், மவுத்து, பெய்த மழை, அரிசி விலை, பெரியவர் ஒருவர் சொன்ன பழஞ்செய்தி ஆகிய எதுவும் எழுதத்தக்கதே. அழகிய நடையைத் தேட வேண்டியதில்லை. முன்னாளில் நம் இல்லத்துப் பெண்மணிகள் பலர் அரபுத்தமிழ் எழுத்திலே கடிதங்கள் எழுதியும் நூல்கள் படித்தும் வந்தனர். இன்றும் வீட்டின் செய்திகளை நன்கறிந்தவர்கள் அவர்களே. எனவே இப்பணியில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பிறர் குறைகளை எழுதி வைப்பதும் புறம் பேசுதலே. நம் வலத்திலும் இடத்திலும் கிராமன் காதிபீன் எழுதிக்கொண்டிருக்கின்றனர் என்னும் நினைவோடு நாமும் எழுதுவோம்.

இன்றிரவு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கப்படட்டும். முதல் ஐந்து வரிகளில், அவ்வீட்டின் மூத்தவர் தம் பாட்டனாரைப் பற்றிச் சொல்வதை இளையவர் ஒருவர் எழுதட்டும். வல்ல அல்லாஹ் நம் எண்ணங்களையும் எழுத்துகளையும் கபூல் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.